நாலு நாள் மடக்கக் கூடாது

வடிவாம்பாளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய இரண்டு காதும் செக்கச்செவேலென்று இருந்தன. காரணம், பூ ஜோடிக்கிற வேலாயுதம்.

பாவம், அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் இல்லை. கையில் அளவு நூலோடு செவிலிமேட்டு ரோட்டில் இருக்கும் அவள் புருஷன் துரைக்கண்ணுவின் கார் குஷன் கடைக்கு வந்தார். காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்துத் திகைத்தார்.

“இன்னாம்மா, உமாபதி முதலாளி வண்டி இங்க இருக்குதுன்னாங்க? மாலை சுத்தறதுக்கு அளவு எடுக்கணும்.”

“அது காலையிலேயே போயிடுச்சே. டிரைவர் முனிசாமி வந்து எடுத்துக்கினு போயிட்டாரு. விக்கப் போற வண்டிக்கு எதுக்குப்பா மாலை?”

“விக்கறதா? நல்லா இருக்குதும்மா கதை! சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்பு இல்ல? விடிஞ்சா தையல்நாயகி பாப்பாவுக்குக் கல்யாணம். ஆரணி மாப்பிள்ளை. ஊரே அங்கதான்...”

சொல்லிக்கொண்டே வந்தவர் வடிவின் முகத்தைப் பார்த்தார். யார் வீட்டுக் கல்யாணத்தை யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நூலைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, சைக்கிளில் ஏறக்கூட மறந்து, அதைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

தையல்நாயகி அண்ணன் மகள். ஒன்றரை வயதில் தாயைப் பறிகொடுத்து, எட்டு வயது வரை வடிவின் கையால் சோறு தின்று, வடிவின் பக்கத்தில் படுத்துத் தூங்கிய குழந்தை. அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் என்று அத்தைக்காரிக்குப் பூக்காரர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது!

எட்டு நாளைக்கு முன்னால் அண்ணன் உமாபதியின் கறுப்பு ஷெவர்லே கார் இந்தக் கடை வாசலில் வந்து நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துணியாலான மடக்கு டாப் வைத்த பழைய வண்டி. வடிவின் அப்பா ஒரு ஜமீன்தாரிடம் வாங்கியது. பெரிய காஞ்சிபுரத்தில் பாதி மாப்பிள்ளைகள் டாப்பை மடக்கிவிட்டு அதில்தான் ஊர்வலம் வந்திருக்கிறார்கள். வடிவின் கல்யாணத்துக்கு மட்டும் அது வரவில்லை. நெசவு வீட்டுப் பெண், ஐயம்பேட்டை விவசாயி மகனை, அதுவும் கார் குஷன் தைக்கிறவனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டால் வண்டி எப்படி வரும்? அன்றைக்கு மூடிய அண்ணன் வீட்டுக் கதவு பதினோரு வருஷமாகத் திறக்கவில்லை.

அப்படிப்பட்ட பட்டு முதலாளி உமாபதி, எட்டு நாளைக்கு முன்னால் வண்டியோடு தானும் வந்தார். கீழே இறங்கவில்லை. “மேஸ்திரி, டாப் நைஞ்சுபோச்சு. புதுசா போடணும். மெட்ராஸ்ல ஒருத்தர் வண்டியை விலைக்குக் கேக்கறாரு” என்று துரைக்கண்ணுவிடம் சொன்னார். தங்கை புருஷன் அவருக்கு மேஸ்திரி. உள்ளே மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த தங்கை அவருக்கு யாருமே இல்லை.

ஆனாலும் இந்தப் பைத்தியக்காரிக்குச் சந்தோஷம். ஊரில் வேறு ஆளா இல்லை, அண்ணன் நம்மைத் தேடித்தானே வந்தான் என்று மனசு குதித்தது. கடையில் அளவு எடுப்பதும் ஆணி அடிப்பதும் துரைக்கண்ணு. தையல் முழுக்க வடிவு. ஆறு நாள் அந்தத் தடித்த கேன்வாஸோடு மல்லுக்கட்டினாள். மெஷின் ஊசி ஏறாத மூலைகளில் கோணி ஊசியால் குத்தி இழுத்தாள். வலது கை விரல்கள் நாலிலும் துணி சுற்றியிருந்தது.

அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்க இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆணி வாங்கப் போயிருந்த துரைக்கண்ணு திரும்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை அவள்.

“தையல்நாயகிக்கு நாளைக்குக் கல்யாணமாம். உங்களுக்குத் தெரியுமா?”

‘அப்படியா’ என்று அவன் கேட்டிருந்தால் பிழைத்திருப்பான். ஆணிப் பொட்டலத்தை மெல்லப் பெஞ்சியின் மேல் வைத்தான்.

“திங்கக்கிழமையே தெரியும் வடிவு. சலூன்ல பத்திரிகை கிடந்துச்சு.”

“திங்கக்கிழமையா! செவ்வாய், புதன், ரெண்டு நாளும் எதிர்லதானே உக்காந்துக்கினு இருந்தீங்க? வாயில என்னா கொழுக்கட்டையா?”

“பத்திரிகையில உன் பேரு இல்ல. அதை எப்படி வந்து சொல்றது? சொன்னா நீ தைச்சிருக்கவும் மாட்டே.”

“ஆமா, தைச்சிருக்க மாட்டேன்! அது என் இஷ்டம்! என் கை, என் விரலு! நீங்க யாரு அதை முடிவு பண்றதுக்கு?”

துரைக்கண்ணு செருப்பைக் கழற்றினான். அவன் சாதுவான மனுஷன். கடையில் யாராவது அதட்டினால்கூடச் சிரித்துக்கொண்டு போகிறவன். அதனால்தான் அடுத்து அவள் மனசில் ஓடியது அவளுக்கே நம்ப முடியவில்லை.

“இருங்க. மாப்பிள்ளை அழைப்புன்னா டாப்பை மடக்குவாங்க இல்ல?”

“மடக்காம?”

“நேத்துதானே போட்டோம்! புது டாப்பை நாலு நாள் மடக்கக் கூடாதே!”

இது அந்தத் தொழிலில் பால பாடம். இரும்பு வளைவுகளின் மேல் இழுத்துக் கட்டிய புதுத் துணி நாலு நாள் வெயிலில் அப்படியே நிற்க வேண்டும். அப்போதுதான் வளைவுக்கு ஏற்றபடி படியும். அதற்குள் மடக்கி, மடக்கிய துணி மழையிலும் நனைந்தால் சுருங்கிப்போகும். திரும்ப இழுத்து மூடினால் முன்கண்ணாடி வரைக்கும் எட்டாது.

“முனிசாமிகிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன், நாலு நாள் மடக்காதேன்னு” என்றான் துரைக்கண்ணு. அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நான் பொய் சொல்லல வடிவு. விக்கப் போறேன்னு பொய் சொன்னது உங்க அண்ணன். கல்யாணம்னு சொன்னா எங்க கூப்பிட வேண்டியிருக்குமோன்னு பயம் அவருக்கு. மேஸ்திரின்னாரு. சரி, மேஸ்திரி சொன்னதைக் கேக்கட்டும். ஐப்பசி மாசம். மழை வரட்டும். ஊர் பாக்கட்டும்.”

வடிவு ஆணிப் பொட்டலத்தை ஒரு தள்ளு தள்ளினாள்.

“யோவ்! உன் ரோஷத்துக்கு என் தையல்தானா கிடைச்சுது? நனைஞ்சுக்கினு நிக்கப் போறது எங்க அண்ணன்னா நெனைச்சே? என் புள்ளைய்யா அவ! என் புள்ளையைக் கட்டிக்கப் போறவன்! வர்றப்பவே அபசகுனம்னு ஆரணிக்காரங்க பேசினா, அதை ஆயுசு பூரா யாரு கேட்டுக்கினு இருப்பா? உங்க ரெண்டு ஆம்பளைங்களுமா?”

கொல்லைப் பக்கம் போய்த் துவைகல்லில் உட்கார்ந்தாள். சோறு ஆக்கவில்லை. தின்னவுமில்லை.

யார் மேல் அதிகக் கோபம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. மறைத்த அண்ணன் மேலா, தெரிந்தும் கழுத்தறுத்த புருஷன் மேலா? எல்லாவற்றையும்விடத் தன் கைமேல்தான் ஆத்திரமாக வந்தது. ஏனென்றால் அந்தக் கை, யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவைத்திருந்தது.

டாப்பின் பின் ஓரத்தை மரக்கட்டையோடு சேர்த்து ஆணி அடிப்பதற்கு முன்னால், “ஒட்ட வெட்டிடு” என்று துரைக்கண்ணு சொல்லியிருந்தான். அவள் வெட்டவில்லை. நாலு விரற்கடைத் துணியை உள்பக்கமாகச் சுருட்டி, கட்டைக்கடியில் மறைத்து வைத்துவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் எந்தப் புடவையையும் தறியிலிருந்து ஒட்ட அறுப்பதில்லை. நாலு விரற்கடை பாவு, அதாவது தறியின் நெடுக்கு நூல், மிச்சம் விட்டுத்தான் அறுப்பார்கள். அடுத்த புடவையின் பாவு நூலை அதில்தான் பிணைக்க வேண்டும். இத்தனை வருஷம் குஷன் தைத்தும் துணி முடிகிற இடத்தில் அவள் கத்தரிக்கோல் தானாக நின்றுவிடும். எந்த வீடு வேண்டாமென்று துரத்தியதோ, அந்த வீட்டுப் பழக்கத்தை இந்தக் கை இன்னும் விடவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அழுவதற்கு இது நேரமில்லை.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

நாலரைக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து முனிசாமி குதித்தார். உமாபதி வீட்டுக்கு முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். வடிவைச் சின்னப் பெண்ணாகப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“மேஸ்திரி! மோசம் போயிட்டோம்பா! மாலை கட்டறதுக்காக மத்தியானமே டாப்பை மடக்கிட்டாங்க. நான் வேணாம் வேணாம்னு சொன்னேன், முதலாளி கேக்கல. வாசல்ல நிறுத்தி ஜோடிச்சிக்கினு இருக்கறப்போ கொட்டித் தீர்த்துடுச்சு. இப்ப இழுத்தா கண்ணாடிகிட்ட நாலு விரக்கடை எட்ட மாட்டேங்குது. ஆறு மணிக்குள்ள அழைப்பு கிளம்பணும். மாப்பிள்ளை பிள்ளையார் கோயில்ல வந்து உக்காந்துக்கினு இருக்காரு. உன்னைக் கையோட இட்டுக்கினு வரச் சொன்னாரு முதலாளி.”

“மேஸ்திரி வரமாட்டான்னு போய்ச் சொல்லு” என்றான் துரைக்கண்ணு.

வடிவு எழுந்தாள். குறடு, சுத்தி, கோணி ஊசி, ஒரு கை நிறைய ஆணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள்.

“தைச்சவ நானு. நான் வர்றேன், வாங்கண்ணே.”

“வடிவு! கூப்பிடாத வீட்டுக்கா போறே?” துரைக்கண்ணு வாசலை மறித்தான்.

“வீட்டுக்கு யாரு போறா? வண்டிக்குப் போறேன். நகருங்க. உங்களை வந்து பேசிக்கிறேன், எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல.”

அவன் நகர்ந்தான். நகராமல் என்ன செய்வான்?

பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெரு முழுக்க வாழை மரமும் தோரணமுமாக இருந்தது. அண்ணன் வீட்டு வாசலை அடைத்துப் பெரிய பந்தல். ஷெவர்லே அதற்குள்ளே தள்ளப்பட்டு, பாதி ஜோடித்த மல்லிகையோடும், முன்பக்கம் வாய் பிளந்த டாப்போடும் நின்றது. சுற்றி நாற்பது, ஐம்பது பேர். ரிக்‌ஷாவிலிருந்து வடிவு இறங்கியதும் அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது.

உமாபதி பட்டு அங்கவஸ்திரத்தோடு பந்தலின் முன்னால் நின்றிருந்தார். தங்கையின் பக்கம் அவர் பார்வை வரவில்லை.

“முனிசாமி, மேஸ்திரி எங்கேன்னு கேளு.”

“முனிசாமியண்ணே, மேஸ்திரி இவதான்னு சொல்லுங்க” என்றாள் வடிவு.

கூட்டத்தில் ஒருவர் இருமினார். முனிசாமி, “மழையில நனையாதேம்மா, பந்தலுக்குள்ள வா” என்று குடையை நீட்டினார்.

“பந்தலுக்குள்ள கால் வைக்கறதுக்கு எனக்கு யாரும் வெத்தலை பாக்கு வைக்கலண்ணே. தெரு முனிசிபாலிட்டியோடது. நான் தெருவுலதான் நிப்பேன். வண்டியை வெளியே தள்ளுங்க.”

“கொட்டற மழையிலயா? மாலையெல்லாம் வீணாப்போயிடும்...” என்று ஆரம்பித்தார் உமாபதி.

“தள்ளினா டாப் மூடும். தள்ளலைன்னா மாப்பிள்ளை நனைவாரு. நான் ரிக்‌ஷாவைக் காக்க வெச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லச் சொல்லுங்கண்ணே.”

மணி ஐந்தே கால். உமாபதி கையை அசைத்தார். ஆறு பேர் சேர்ந்து வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார்கள். மல்லிகை நனைந்து ஒட்டிக்கொண்டது. வேலாயுதம் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையில் கை வைத்தார்.

முனிசாமி குடை பிடிக்க, வடிவு வண்டியின் பின்பக்கம் முட்டி போட்டாள். குறட்டால் ஆணியைக் கவ்வி இழுத்தாள். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு ஆள் அவள் மனசில் இருந்தான். பாதி அண்ணன், பாதி புருஷன். இருபத்திரண்டு ஆணியும் பிடுங்கியாயிற்று. கட்டைக்கடியில் விரலை விட்டு, சுருட்டி வைத்திருந்த துணியை வெளியே உருவினாள். காய்ந்த, நனையாத துணி நாலு விரற்கடை அகலத்துக்கு வண்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நீண்டு வந்தது. முனிசாமி குடையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனார்.

“முன்னால இழுங்கண்ணே! இன்னும்! நிறுத்துங்க!”

டாப் முன்கண்ணாடியைத் தொட்டது. புது ஓரத்தில் மறுபடி ஆணி அடித்தாள். விரல் துணியெல்லாம் அவிழ்ந்து, பழைய காயங்களிலிருந்து ரத்தம் கசிந்தது. எழுந்துபோய் இரண்டு கொக்கிகளையும் மாட்டினாள். டக், டக். வண்டி மூடிக்கொண்டது.

“நாலு விரக்கடை விட்டா வெச்சிருந்தே?”

குரல் பக்கத்தில் கேட்டது. உமாபதி பந்தலை விட்டுத் தெருவுக்கு வந்திருந்தார். பதினோரு வருஷத்தில் தங்கையிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. தறி வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் துணியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

“அப்பா சொல்லிக் குடுத்தது” என்றாள் வடிவு. “உனக்கும்தான் சொல்லிக் குடுத்தாரு. நீதான் ஒட்ட அறுத்துட்டே.”

உமாபதியின் முகம் கறுத்தது. விறுவிறுவென்று உள்ளே போனார். திட்டிக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ ஒரு வெள்ளித் தட்டோடு வெளியே வந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள் தடவிய பத்திரிகை. மழையில் நின்று, இத்தனை பேர் முன்னால் அதைத் தங்கை பக்கம் நீட்டினார்.

“எடுத்துக்கோ. உள்ள வா. புடவையை மாத்திக்கோ.”

பதினோரு வருஷமாக இந்தத் தட்டைத்தான் அவள் கனவு கண்டாள். தைத்த ஆறு நாளும் ஒவ்வொரு தையலுக்கும் இதைத்தான் நினைத்தாள். இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் காது சிவந்தேதான் இருந்தது.

“காலையில இந்தத் தட்டு எங்கண்ணா இருந்துச்சு? போன வாரம் என் கடை வாசல்ல கீழ இறங்காம உக்காந்துக்கினு இருந்தியே, அப்ப எங்க இருந்துச்சு? விக்கறேன்னு பொய் சொல்லி என் விரலைக் கிழிச்சியே, அப்ப? டாப் மூடாம இருந்திருந்தா என் முகத்தைப் பாத்திருப்பியா? இது டாப்புக்கு வெச்ச வெத்தலை. எனக்கு இல்ல. எனக்கு வைக்கணும்னா, மழை பெய்யாத நாளா பாத்து, என் புருஷன் பேரைச் சொல்லிக்கினு என் வாசப்படி ஏறி வா.”

பையை எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவை நோக்கித் திரும்பினாள். இரண்டடிகூட வைத்திருக்க மாட்டாள்.

“அத்தே!”

பந்தலுக்குள்ளிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு தையல்நாயகி ஓடி வந்தாள். கன்னத்தில் நலங்கு மஞ்சள் காயவில்லை. காலில் செருப்பில்லை. “ஏய், மணப்பொண்ணு! எங்க போறே?” என்று யாரோ கத்தினார்கள். அவள் நேராகக் காரிடம் போனாள். கதவைத் திறந்து, மாப்பிள்ளைக்கென்று பட்டு விரித்திருந்த பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

“தையலு! எறங்குடி!” உமாபதி கூச்சல் போட்டார். “மாப்பிள்ளை கோயில்ல காத்துக்கினு இருக்காருடி!”

கண்ணாடி ஒரு சாண் இறங்கியது.

“இருக்கட்டும்பா. அத்தை பத்திரிகையில இருக்கறாங்கன்னு என்கிட்ட சொன்னீங்க. சமையக்கட்டுல வேலையா இருக்கறாங்க, நாளைக்குப் பாக்கலாம்னு இன்னிக்குக் காலையில கூட சொன்னீங்க. என்கிட்டயும் பொய். இந்த வண்டி முதல்ல அத்தையை அவங்க வீட்டுல விடட்டும். நானும் கூடப் போறேன். அப்புறம் நீங்க வந்து எங்க ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. மாப்பிள்ளை அதுக்கப்புறம் வரட்டும்.”

கண்ணாடி ஏறிவிட்டது.

ஆரணிக்காரர்களில் இரண்டு பேர், அழைப்பு ஏன் கிளம்பவில்லை என்று பார்க்கக் குடையோடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உமாபதி அவர்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியில் தங்கையைப் பார்த்தார். நேருக்கு நேர் பார்த்தார்.

“வடிவு, அவளை எறங்கச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பா.”

“சொல்றேன்” என்றாள் வடிவு. புதுக் கேன்வாஸ் மேல் மழை தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை என்பதை அந்த நேரத்திலும் அவள் கண் கவனித்தது. “ஆனா நான் யாரு அவளுக்குச் சொல்றதுக்கு? மேஸ்திரி பொண்டாட்டியா? அதை நீ சொல்லு அண்ணா. இதோ வர்றாங்களே ஆரணிக்காரங்க, அவங்க காதுலயும் விழற மாதிரி சொல்லு. நான் யாரு?”

உமாபதி வாயைத் திறந்தார். அவர் கையில் இருந்த தட்டில் மழைத் தண்ணீர் நிறைந்து, வெற்றிலை மிதக்க ஆரம்பித்திருந்தது.